பொட்டிக்குள் மிச்சமிருக்கும் கரண்ட்

எங்கள் ஊர் ஐஸ் கம்பெனிக்கு அந்தப் பொட்டி வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதற்கு முன்னாலும் நான் நிம்மதியாகத் தூங்கியவன் கிடையாது. மழை வந்தால் கூரையைப் பற்றிக் கவலை. மழை வராவிட்டால் குடிதண்ணீரைப் பற்றிக் கவலை. பொண்டாட்டி பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனால் ஷேர் ஆட்டோ எங்கே கவிழ்ந்ததோ என்று வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பேன். கரையில் என்னைப் பார்த்தால் வலை பிரித்துக்கொண்டிருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "இன்னாபா, இன்னிக்கு எது உழப்போவுது? வானமா, லைட் கம்பமா?" என்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். போகும்போது லைட் கம்பத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். நைனாவுக்கு நெஞ்சு வலி வந்து படுத்ததும் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் வயரிங் வேலைக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத்தான் ஊரில் ஐஸ் கம்பெனி வந்தபோது ஆபரேட்டராக உட்கார வைத்தார்கள். ஊர்ப் பொதுவில் கட்டிய கம்பெனி அது. உள்ளே உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் நல்ல தண்ணீர் நிரப்பி வரிசையாக இறக்கிய தகர கேன்கள், குளிரைக் கொடுக்கும் கம்ப்ரசர். இவ்வளவுதான். ஆனால் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும், மோட்டார் முக்கிப் புகையும். இரண்டு மோட்டார் அப்படிக் கருகிய பிறகுதான் ஊர் கூடிப் பேசி, மோட்டார்களுக்கு, கரண்டைச் சீராக்கி அளந்து விடுகிற டிரைவ் போடுவது என்று முடிவு செய்தார்கள்.

என் நாற்காலி நிரந்தரம். பக்கத்து நாற்காலி அப்படி இல்லை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுப் போட்டு எடுப்போம். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருத்தனுக்கே போய்விடக்கூடாது, எல்லாருக்கும் முறை வரவேண்டும் என்பதற்காக. ஐஸ் கம்பெனியின் இரண்டாவது ஆபரேட்டர் வேலையையும் ஊர் அதே மாதிரிதான் வைத்திருந்தது. பொங்கல் கழிந்து சீட்டு எடுப்பார்கள். பொட்டி வந்த வருஷம் சீட்டு என் மச்சானுக்கு விழுந்தது. என் பொண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன்.

என்னைப் போலவே இன்னொரு ஆளைச் செய்யும்போது பயத்தை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு ஆள் அவர். வாடைக் காற்று அடிக்கிற நாளில், எல்லாரும் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்ட பிறகு, "அலை என்னா பண்ணுதுன்னு பாத்துட்டு வரேன்" என்று இறங்கிப் போவார். படகு ஓட்டையை அடைப்பதில் அவர் கை தனி. பலகை இடுக்கில் எண்ணெயும் குங்கிலியமும் தோய்த்த பஞ்சுத் திரியை வைத்து, சின்ன இரும்பு உளியால் தட்டித் தட்டி இறக்குவார். அவர் அடைத்த படகில் சொட்டு ஏறாது. ஓட்டையைக் கண்டால் அவரால் சும்மா உட்கார முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட கதவிடுக்கைத் தடவிப் பார்ப்பார்.

டிரைவ் பொட்டியை மாட்ட சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் பொண்ணும் இரண்டு ஃபிட்டர்களும் வந்தார்கள். ஆள் உயர இரும்புப் பீரோ மாதிரி ஒரு பேனல். அதற்குள் கீழ்ப் பாதியில் பவர் சப்ளை யூனிட், மேலே வரிசையாக மூன்று டிரைவ்கள். கம்ப்ரசருக்கு ஒன்று, தண்ணீர் பம்புக்கு ஒன்று, தொட்டித் தண்ணீரைக் கலக்குகிற விசிறிக்கு ஒன்று. யூனிட்டிலிருந்து இரண்டு செம்புப் பட்டைகள் மேலே ஏறி மூன்றையும் தொட்டுக்கொண்டு போகும். தரை ஓதம் ஏறாமல் இருக்க மேடை கட்டி அதன் மேல் பேனலை நிறுத்தினார்கள். எர்த்துக்குக் குழி தோண்டினோம். முழங்கை ஆழத்திலேயே உப்புத் தண்ணீர் ஊறியது. நான் பதறிப் போனேன். "ஈரம் நல்லதுதாண்ணா. ஆனா கம்பி சீக்கிரம் துரு புடிக்கும், அப்பப்போ பாத்துக்கோங்க" என்றாள் அந்தப் பொண்ணு. நல்லது என்று அவள் சொன்னது மறந்துவிட்டது. துரு பிடிக்கும் என்பது மட்டும் மனதில் நின்றது.

கேபிள் நுழைகிற ஓட்டைகளை எல்லாம் ஃபிட்டர்கள் மாவு மாதிரி ஒன்றைப் பிசைந்து அடைத்தார்கள். எலி, பூச்சி, உப்புக் காற்று எதுவும் ஏறக்கூடாது என்று. மச்சான் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனல் கதவில் மேலும் கீழும் ஜன்னல் மாதிரி இடுக்கு விட்டு வெட்டியிருந்த வரிகளைக் காட்டினார்.

"ஏம்மா, இந்த ஓட்டைய அடைக்கிறீங்க, அத்த மட்டும் அப்டியே வுட்டுட்டீங்களே?"

"அது காத்து போற வழிண்ணா. உள்ள சூடாகும். கீழ வழியா காத்து ஏறி மேல வழியா வெளிய போவணும்."

"பொட்டி மூச்சு வுடுது, இன்னா?"

"ஆமாண்ணா, மூச்சுதான்."

"சரிதான். எங்க மாப்ள மாதிரி. அவரும் இப்டித்தான் சும்மா குந்தினு பெருமூச்சு வுட்டுக்கினே இருப்பாரு" என்றார். ஃபிட்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அந்தப் பொண்ணு என்னையும் மச்சானையும் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னாள். வெளியிலிருந்து வருகிற கரண்ட் ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும். யூனிட் அதை வாங்கி ஒரே சீராக்கி, கெப்பாசிட்டர் என்கிற உருளைகளில் தேக்கிவைக்கும். மூன்று டிரைவும் அந்தத் தேக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஸ்விட்ச் போட்டவுடனே முழுக் கரண்டையும் உள்ளே விட்டால் உருளை தாங்காது, அதனால் முதலில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும், நிரம்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் மோட்டாரை ஓட்டலாம் என்றாள். கடைசியில் குரலை மாற்றிக்கொண்டு சொன்னாள்: "மெயினை ஆஃப் பண்ணிட்டாலும் உள்ள கரண்ட் இருக்கும். இந்தச் சிவப்பு லைட் அணையணும். அணைஞ்சாலும் மீட்டர் வெச்சுப் பாக்கணும். இந்த ரெண்டு பட்டைக்கு நடுவுல சுத்தமா ஒண்ணும் இல்லன்னு மீட்டர் சொன்னாத்தான் கை உள்ள போவணும்."

ஆஃப் செய்த பிறகும் இருக்கிற கரண்ட்! இத்தனை வருஷம் நான் பயந்ததெல்லாம் ஆன் ஆக இருப்பதைப் பார்த்துத்தான். ஆஃப் என்றால் ஆஃப் என்று ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, அதுவும் போய்விட்டது. இரண்டு மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். நடக்கும்போதுதான் புரிந்தது. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. கடல் ஏறும், இறங்கும், அலையடிக்கும். உள்ளே வந்ததும் ஏரியாகச் சீராக நிற்கிறது. மண் தள்ளி முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் ஏரி அன்றைக்கே வற்றிவிடுகிறதா? நின்றுகொண்டுதானே இருக்கிறது.

மச்சானிடம் போய் இதைச் சொன்னேன். அவருக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. "அட்றா! ஸ்விச்சுன்றது முகத்துவாரம். பொட்டி ஏரி. அத்த அந்தப் பொண்ணு இப்டி சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன்ல!" என்றார். கரையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரே சொந்தமாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். புரிந்துவிட்டது, இனி பயமில்லை என்று அன்று மட்டும் நினைத்தேன்.

ஆனாலும் நான் சொல்வதை நிறுத்தவில்லை. சிவப்பு விளக்கு, மீட்டர், கை. சிவப்பு விளக்கு, மீட்டர், கை. மாதத்துக்கு ஒருமுறை தூசி பிடிக்கிற வடிகட்டித் துணியைக் கழற்றித் தட்டுவதற்குப் பேனலைத் திறக்கும்போது, மெயினை அணைத்துவிட்டு இரண்டு பேரும் டீ குடிப்போம். டீ முடிவதற்குள் விளக்கு அணைந்துவிடும். மச்சான் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார். நான் மீட்டரோடு வருவேன். "ஏரி வத்திப்போச்சு மாப்ள, கண்ணுக்குத் தெரியலயா?" என்பார். மீட்டர் பார்க்காமல் நான் விட்டதில்லை. அவரும் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி.

ஐப்பசி மழையில் அந்த விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. உப்புக் காற்று உள்ளே போய் ஏதோ இணைப்பைத் தின்றிருக்க வேண்டும். நான் போன் போட்டேன். "மழை விட்டதும் வந்து மாத்திடறேண்ணா. அதுவரைக்கும் லைட்ட நம்பாதீங்க, மீட்டர் மட்டும்தான்" என்றாள் அந்தப் பொண்ணு. மச்சானிடம் சொன்னேன். பேனல் கதவில் சாக்பீஸால் பெரிதாக எழுதியும் வைத்தேன்: லைட்டை நம்பாதே. மறுநாள் அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: பொண்டாட்டியையும்.

பிறகு புயல் வந்தது. நானும் என் பொண்டாட்டியும் உறவில் ஒரு சாவுக்குப் பொன்னேரி போயிருந்தோம். ரோட்டில் தண்ணீர் ஏறி அங்கேயே மாட்டிக்கொண்டோம். ஊரில் மச்சான் ஒருத்தர்தான் கம்பெனியில். வீட்டுக்குக்கூடப் போகாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். முதல் காற்றிலேயே கரண்ட் போய்விட்டது. மழை நேராக விழவில்லை, பக்கவாட்டில் அடித்தது. கம்பெனிக் கதவோரம் நின்ற பேனலின் வரிகள் வழியாகச் சாரல் உள்ளே போவதை அவர் பார்த்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஒரு தார்ப்பாயை எடுத்துப் போர்த்தியிருப்பார்கள். மச்சான் பேனலைத் திறந்து, உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும், ஒவ்வொரு வரியாக, எண்ணெயும் குங்கிலியமும் தோய்த்த பஞ்சுத் திரியை உளியால் இறக்கியிருக்கிறார். படகை அடைக்கிற மாதிரியே.

தண்ணீர் வடிந்து நாங்கள் ஊர் திரும்பிய காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. விடியும்போதே கரண்ட் வந்திருந்தது. புயல் கலக்கிவிட்ட தண்ணீரில் மீன் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். கம்பெனி வாசலில் கூடைகளோடு ஒரே கூட்டம். ஐஸ் இல்லாவிட்டால் மதியத்துக்குள் எல்லாம் நாறிவிடும். நான் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக உள்ளே போனேன். அப்போதுதான் மெஷின் நின்றது. தானாக நின்றது. சின்னத் திரையில் சூடு அதிகம் என்கிற எழுத்து.

பேனல் கதவைப் பார்த்தேன். வரிகளே இல்லை. வழவழவென்று எண்ணெய் மினுங்க ஒரே பலகை மாதிரி இருந்தது.

"மச்சான், இது இன்னாது?"

"ஒரு சொட்டு உள்ள போவல மாப்ள! தொறந்து பாரு. அடிச்ச அடிக்கு உன் பொட்டி மீன் தொட்டியாயிருக்கும்." அவர் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு இறங்கியது.

"அது மூச்சு வுடற வழி மச்சான்."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "அட, ஆமால்ல! அந்தப் பொண்ணு சொல்லுச்சே. தண்ணிய பாத்ததும் புத்தி எங்கியோ பூட்ச்சு." வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை அவர். தப்பு என்று தெரிந்தால் அந்த நிமிஷமே கையால் சரிசெய்யத் தொடங்கிவிடுவார். மெயினை இறக்கினார். உளியை எடுத்தார். கதவைத் திறந்தார்.

"நில்லு மச்சான். மீட்டர் பாக்கணும்."

"நேத்தெல்லாம் உள்ள கைய வுட்டுத்தான அடைச்சேன். ஒண்ணும் ஆவலயே."

"நேத்து கரண்டே இல்ல. ஏரி வத்திக் கெடந்துச்சி. இப்ப ரொம்பி நிக்குது."

"லைட்டு அணைஞ்சிட்ச்சு பாரு."

"அந்த லைட்டத்தான் நம்பாதன்னு எழுதிப் போட்டேனே!"

"நீ எத்ததான் நம்பினே, மாப்ள?"

வாசலில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு பெண் குரல், "யோவ், உன் பயத்த வீட்ல வெச்சினு ஐஸ குடுய்யா, மீனு நாறுது" என்றது. மீட்டர் எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கியது. "ஒரு நிமிசம், ஒரே நிமிசம்" என்று சொல்லிக்கொண்டே அதை எடுக்கத் திரும்பினேன். மச்சான் எனக்காக நிற்பார் என்றுதான் நினைத்தேன். எப்போதும் நின்றிருக்கிறார்.

வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. அறை முழுக்க வெள்ளையாகி, பிறகு எதுவும் தெரியவில்லை. கண் திரும்பி வந்தபோது குங்கிலியத் திரிகள் கதவில் வரிவரியாக எரிந்துகொண்டிருந்தன. எண்ணெய் நெருப்போடு சொட்டியது. மணல் வாளியை எடுத்துக் கொட்டினேன், மச்சானைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். உளி தரையில் கிடந்தது. அதன் முனையை யாரோ கடித்துத் துப்பிய மாதிரி இருந்தது. திரியை நெம்பும்போது நழுவி, இரண்டு செம்புப் பட்டைக்கும் நடுவில் அது விழுந்திருக்கிறது.

மச்சான் வலது கையைத் தூக்கிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் ஆஃப் பண்ணேனே, மாப்ள" என்றார்.

பொன்னேரியில் கட்டுப் போட்டு சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவை உள்பக்கமாக மடங்கி ஒட்டிக்கொண்டன. கயிறு பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாது.

என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மீனைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ லைட் கம்பத்துக்குப் பயந்தே. ஆட்டோவுக்குப் பயந்தே. மேகத்துக்குப் பயந்தே. அதுல எது நெஜம்னு எங்க அண்ணனுக்கு எப்டித் தெரியும்?" திட்டுகிற குரலில் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. எனக்கே எது நிஜம் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் ஏன் எல்லாவற்றுக்கும் பயப்படப் போகிறேன்?

அந்த இன்ஜினியர் பொண்ணு வந்து கருகிய யூனிட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டினாள். செம்புப் பட்டைகளுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு மூடி போட்டு, மீட்டர் முனை நுழைய மட்டும் அதில் துளை விட்டாள். வரிகளுக்கு மேலே சாரல் படாமல் கூரை போலத் தகடு இறக்கினாள். விளக்கை மாற்றினாள். கதவில் மிச்சமிருந்த திரியைச் சுரண்டும்போது அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ ஒழுங்கா யாராலயும் அடைக்க முடியாதுண்ணா" என்றாள். போகும்போது, "அவருக்கு எப்டி இருக்கு?" என்று கேட்டாள். ஏற்கெனவே வந்ததும் கேட்டிருந்தாள்.

ஊர் கூடியது. இந்த நாற்காலிக்கு இனிமேல் சீட்டு வேண்டாம், தெரிந்தவன் ஒருத்தனே இரண்டு ஷிஃப்டும் பார்க்கட்டும் என்றார்கள். அதாவது நான். கட்டுப் போட்ட கையோடு மச்சான் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இந்த வருசம் என் முறைதான? ஏரியில என் பாட்ட இழுக்க எனக்குக் கை இல்ல. இதையும் எடுத்துட்டா நான் காலைல எழுந்து எங்க போவேன்?" என்றார். அவர் குரலை அவ்வளவு சின்னதாக யாரும் கேட்டதில்லை. பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் என்று ஊர்ப் பெரியவர் முடித்துவைத்தார்.

அதனால் இப்போதும் மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். படகில் ஏறுவதில்லை. ஏரியில் சும்மா துடுப்புப் போடக் கூப்பிட்டாலும் காற்று சரியில்லை என்கிறார். அவர் பொண்டாட்டி வந்து என்னிடம் சொல்லி அழுதாள்: வீட்டில் ஃபேன் ஸ்விட்சைப் போடச் சொன்னால்கூட, வேறு யாரையாவது கூப்பிடுகிறாராம்.

போன வாரம் வடிகட்டித் துணி கழற்ற வேண்டியிருந்தது. பேனல் மெயினை இறக்கினேன். டீ வந்தது. அவர் இடது கையால் கிளாஸைப் பிடித்திருந்தார், குடிக்கவில்லை. சிவப்பு விளக்கு அணைந்தது. நான் மீட்டரை எடுத்தேன். அவரும் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"எவ்ளோ காட்டுது?"

சொன்னேன். இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இப்போ?"

இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடைசியில் முள் படுத்தது. "முடிஞ்சிட்ச்சு மச்சான்" என்று மூடியைக் கழற்றக் கை நீட்டினேன். அவருடைய மடங்கிய கை என் மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தது. பிடிக்க அதற்கு விரல் இல்லை. வெறுமனே மேலே கிடந்தது.

"மீட்டரு சரியா வேல செய்யுதான்னு பாத்தியா?" என்றார்.

பார்த்திருந்தேன். ஆனால் அவர் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மீட்டரை எடுத்துப் போய்ச் சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தேன், முள் துள்ளியது. திரும்பி வந்து பட்டையில் வைத்தேன், முள் படுத்தது. வெளியே யாரோ தகர கேனைத் தட்டி, "இன்னாய்யா பண்றீங்க ரெண்டு பேரும் உள்ள?" என்று கத்தினார்கள்.

"இன்னும் கொஞ்சம் நில்லு, மாப்ள" என்றார் மச்சான்.

நின்றோம்.